பின் சீட்டுக்குப் பாரம்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் மேல் மாடியில் இருக்கும் கனகசபாபதி அண்ணை ஒரு நாள் காலை வந்து கதவைத் தட்டினார். நானும் என் மனிசனும் ஒருக்கால் தன்னுடைய காரில் பின்னுக்கு ஏறி இருக்க ஏலுமோ என்று கேட்டார். எங்கே போகவென்றேன். இரத்மலானையில் ஒரு கராஜுக்கு என்றார். கராஜுக்கு நாங்கள் எதற்கு என்றேன். பாரத்துக்கு என்றார்.

என் சீவியத்தில் இப்படி ஒரு கண்டறியாத கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அடுப்பில் பருப்பு கொதிக்கிறது. வேறு யாராவது என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் அந்த மனிசன் சேட்டை அயன் பண்ணிப் போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்து நின்றார். பருப்பை இறக்கி வைத்தேன்.

அவருக்கு மனைவி இல்லை. பாலேஸ்வரி அக்கா போன பிறகு தனியாகத்தான் சமைக்கிறார், தனியாகத்தான் சாப்பிடுகிறார். ஒரே மகள் நிருஷா, புருஷன் சாரங்கனோடும் இரண்டு பிள்ளைகளோடும் கனடாவில். அண்ணைக்கு மிஞ்சியது ஒரு பழைய வெள்ளைக் கார். சந்தைக்கும் கோயிலுக்கும் தவிர எங்கும் போகாத அந்தக் காரை விடிய எழும்பிக் கழுவுவார். தண்ணீர் வீணாகிறது என்று நானே எத்தனை தரம் ஏசியிருக்கிறேன்.

மகள் குடும்பம் போன முறை வந்தபோதுதான் அவருக்கு அந்த அவமானம் நடந்தது. எங்கடை ஆக்களுக்கு, வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தத்தைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவதுதான் மரியாதை. கார் இல்லாதவனும் இரவல் காரிலாவது போவான். அண்ணையும் போனார். ஆட்களும் சூட்கேசுகளும் ஏறியதும் காரின் பின்பக்கம் அப்படியே குந்திவிட்டது. வழியில் வேகத்தைக் குறைக்க மேடு கட்டியிருந்த ஒவ்வொரு பம்பிலும் அடிப்பக்கம் கறகறவென்று உரசியது. காலி வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும் முகப்பில் இருக்கும் பம்பில் மருமகன் இறங்கிவிட்டார். நல்ல பெடியன், மரியாதையாகத்தான் சொன்னாராம்: "விடுங்கோ மாமா, இனி ஒரு வான் பிடிப்பம்." அதற்குப் பிறகு அவர்கள் திரும்பிப் போகும்வரைக்கும் வான்தான்.

அன்றிலிருந்து அண்ணைக்கு ஒரே எண்ணம். அடுத்த முறை பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் தன் காரில்தான் வரவேண்டும். யாரோ சொன்னார்கள் என்று முதலில் பின்பக்கத்துச் சொக் அப்சோபர் இரண்டையும் புதிதாக மாற்றினார். கார் குந்தினது குந்தினபடியே கிடந்தது. இரத்மலானை கராஜில் மெக்கானிக் பாஸ் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். சொக் அப்சோபர் ஆட்டத்தை அடக்குமே தவிர உயரத்தைத் தூக்காது, உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், உங்கள் ஸ்பிரிங் களைத்துப் போய்விட்டது என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினாராம். பலமான ஸ்பிரிங் போடலாம், ஆனால் எவ்வளவு பலம் வேண்டும் என்று பார்க்க, வழக்கமாகப் பின்னுக்கு ஏறுகிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

வழக்கமாகப் பின்னுக்கு ஏற அந்த மனிசனுக்கு யார் இருக்கிறார்கள்? அதுதான் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

டிக்கியில் சூட்கேசுக்குப் பதிலாக அரிசி மூட்டைகள். பின் சீட்டில் நாங்கள். பாஸ் எங்களை ஏறச் சொல்வார், சில்லின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரைக்கும் நாடா பிடித்து அளப்பார், இறங்கச் சொல்வார், திரும்ப அளப்பார். பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி தோற்றுப்போகும். சோற்றைக் குறை, சோற்றைக் குறை என்று என் மனிசன் முத்துலிங்கத்தோடு நான் ஆயுள் முழுக்கச் சண்டை பிடித்தது வீண். அந்த வயிற்றுக்கு அன்றைக்குத்தான் ஒரு மதிப்பு வந்தது.

புது ஸ்பிரிங் பூட்டியபின் நாங்கள் ஏறியபோது கார் கொஞ்சம் இறங்கி, சரிமட்டமாக நின்றது. அண்ணை குனிந்து பார்த்தார், சுற்றி வந்தார், திரும்பக் குனிந்தார். கண் கலங்கியிருந்தது. வீட்டுக்கு நேரே வராமல் காலிமுகத்திடலுக்குக் கொண்டுபோய் இறால் பதித்த இஸ்ஸோ வடை வாங்கித் தந்தார். வழி நெடுகக் கதை. கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து, பின்னுக்கு வசதியோ, பின்னுக்கு வசதியோ என்று தலையைத் தின்றார்.

ஆள் ஏறாமல் நிற்கும்போதுதான் காரைப் பார்க்கச் சகிக்காது. முட்டையிட இடம் தேடும் கோழி மாதிரிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வெறும் காராக ஓடினால் குலுக்கிப் போடும் என்று பாஸும் சொல்லித்தான் விட்டார். அதற்கென்ன, ஆட்கள் வரப்போகினம்தானே என்றார் அண்ணை.

மகள் குடும்பம் திரும்ப வருவதற்கு முன்கிழமை நான் இடியப்பம் கொடுக்கப் போனபோது நிருஷாவின் கோல் வந்தது. அவருக்குக் காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில்தான் கதைப்பார்.

"அப்பா, நீங்கள் ஒண்டுக்கும் அலையாதேங்கோ. சின்னனுக்கு சீட் வைச்ச வான் இங்கயிருந்தே புக் பண்ணீட்டம். நேர வீட்டுக்கு வாறம்."

"அதுதான் பிள்ளை நல்லம்," என்றார்.

ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று கையைக் காட்டினேன். என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வந்தார்கள். பிள்ளையைக் குறை சொல்ல நான் வரவில்லை. தாயின் படத்துக்கு முன்னால் நின்று அப்படி அழுதாள். பிள்ளைகளும் தாத்தா தாத்தா என்று காலைச் சுற்றின. ஆனால் கீழே கழுவித் துடைத்து நின்ற காரைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் வானில் போய் ஏறினார்கள். பிறகு யாழ்ப்பாணம், அங்கிருந்து நேரே விமான நிலையம். எங்களை ஏறி இருக்கக் கேட்டவருக்குப் பெற்ற பிள்ளையைக் கேட்க வாய் வரவில்லை.

அவர்கள் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, திரும்பவும் கதவு தட்டுப்பட்டது. அதே அயன் பண்ணின சேட்.

"ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கின மாதிரிக் கிடக்கு. ஒருக்கா ஏறி இருந்து பாப்பமோ?"

ஜன்னலால் பார்த்தேன். கார் கோழி மாதிரி அப்படியேதான் நின்றது. என் மனிசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

டிக்கியில் அரிசி மூட்டைகள் ஏற்கெனவே ஏறியிருந்தன. காலி வீதிக்கு வந்ததும் கார் இரத்மலானைப் பக்கம் திரும்பாமல் கோட்டைப் பக்கம் திரும்பியது. ஹைவேயில் ஏறாமல் பழைய நீர்கொழும்பு வீதியாலேயே போனார். ஹைவேயில் பம்ப் இல்லையாம்.

கட்டுநாயக்காவில், பிளேனில் வந்த ஆட்கள் வெளியே வருகிற இடத்தில் நிறுத்தினார். ஒருவரும் இறங்கவில்லை. ட்ரொலி தள்ளிக்கொண்டு வருகிற பிள்ளைகளையும் கட்டிப்பிடிக்கிற தகப்பன்மாரையும் பார்த்துக்கொண்டு இருந்தார். காவலுக்கு நின்றவன் கையைக் காட்டிக் காரை எடுக்கச் சொன்னான். எடுத்தார்.

திரும்பி வருகிற வழியில் அவர் கண்ணாடியில் எங்களைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினார். ஒழுங்கை முகப்பில், மருமகன் இறங்கின அந்தப் பம்பில் காரை மெதுவாக ஏற்றினார். முன் சில்லு இறங்கியது. பின் சில்லும் இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அடி முட்டேல்லைத்தானே பிள்ளை?"

"ஒரு இடத்திலயும் முட்டேல்லை அண்ணை," என்றேன்.