ஊன்றக் கூடாத கால்

மருதமுனை ஹிஷாமுக்கு வேறு தொழில் தெரியாது. மீசை முளைத்த நாளிலிருந்து நெல் வெட்டும் மெசின் ஓட்டுவதுதான். மோட்டார் சைக்கிளில் விழுந்து இடுப்பு மூட்டு நொறுங்கியபோது, டொக்டர் ஜீவராஜ் தொடை எலும்புக்குள் டைட்டேனியம் தண்டொன்றை இறக்கினார்.

"தண்டுக்கு மேல எலும்பில இருக்கிற சத்து மாதிரியே ஒரு செரமிக் பூச்சு இருக்கு. உங்கட எலும்பு வளந்து அதைப் பிடிக்கோணும். பிடிக்குமட்டும் காலை ஊண்டக் கூடாது, அசைஞ்சா பிடிக்காது. பிடிச்சிட்டா, பெரும்போக நெல் வெட்டுக்கு நீங்க மெசின்ல ஏறலாம்."

"ஓம் டொக்டர்" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. நோயாளியைப் பார்ப்பது நபி காட்டிய சுன்னத்து, யார் வேண்டாமென்பது? ஆளுக்கொரு பை அப்பிள். தேத்தண்ணி குடித்து முடித்ததும் எல்லாருக்கும் ஒரே ஆசை.

"எங்க, ஒருக்கா நடந்து காட்டுங்க பாப்பம்!"

வாப்பாவின் தம்பி, சாச்சா கேட்டார். பள்ளிவாசல் தலைவர் கேட்டார். வந்தவர்களின் முகத்தை முறிக்கலாமா? போதாக்குறைக்கு வலியும் இல்லை. வலிக்காவிட்டால் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் அந்த மனுசன்! ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு நடந்தே காட்டினார். "மாஷா அல்லாஹ்!" என்று வாய் நிறையச் சொன்னார்கள். மனைவி முஸ்பிறா குசினி வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகுதான் வலி எடுத்தது. எக்ஸ்ரேயில் தண்டு கீழே இறங்கியிருந்தது.

"எலும்பு பிடிக்கவே இல்ல. கழட்டிப் புதுசு போடோணும். இதுவும் பிடிக்காட்டி மெசினை மறந்திடுங்க" என்றார் டொக்டர். "ஆர் உங்களை நடக்கச் சொன்ன?"

ஹிஷாம் ஆரென்று சொல்வது? முழு ஊரையுமா? அப்பிள் கொண்டுவந்தவர்களில் ஒருத்தராவது இந்த வலியில் பாதியை வாங்கிக்கொள்வாரா? அந்த முறைப் பெரும்போகம் அவர் இல்லாமலே வெட்டி முடிந்தது.

இரண்டாவது சத்திரசிகிச்சை முடிந்து வந்த அன்றே முஸ்பிறா கேற்றைப் பூட்டினாள். அஸர் தொழுகை முடிந்ததும் தட்டுகிற சத்தம் கேட்டது. வந்தது அவளுடைய சொந்தக் காக்கா, கூடப்பிறந்த அண்ணன்.

"நான்தான் புள்ள, தொற."

"ஏலாது காக்கா. அவருக்கு எலும்பு பிடிக்கட்டும், பிறகு வாங்க."

"என்ன கதை இது? வருத்தம் பாக்க வந்தவனை வெளிய நிப்பாட்டுறதா? ஊர் என்ன சொல்லும்?"

முஸ்பிறாவின் கை சாவியைத் தேடிப் போனது. யாருக்கும் இல்லையென்று சொல்லிப் பழகாத ஹிஷாம், கட்டிலில் கிடந்தபடியே தொண்டை கிழியக் கத்தினார்.

"தொறந்தியெண்டா பாரு! இன்னொரு பூட்டும் கொண்டுவந்து போடு!"