ஷாமினி தொட்டுப் பார்த்த வயிறு

பிசியோதெரபி தொழிலில் அடுத்தவர் வலி சீக்கிரம் பழகிவிடும். பக்கத்துக் கட்டிலில் வேலை பார்ப்பவரின் நல்ல பெயர்தான் பழகாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

லோரி டிரைவர்

பிரிக்ஃபீல்ட்ஸ் பிசியோதெரபி மையத்தில் எனக்குப் பதினாறு வருஷம். ஷாமினி வந்து இரண்டே வருஷம். மேரு என்ற ஊரிலிருந்து முதுகுவலியோடு வந்த லோரி டிரைவர் ஒருவரை ஆறு வாரம் பார்த்து நிமிர வைத்தேன். நான் லீவு போட்ட ஒரு நாள் மட்டும் அவள் பார்த்தாள். அடுத்த முறை வந்தவர் சொன்னார்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க லா, இனிமே அந்த மிஸ்கிட்டயே போறேன்."

ஒத்தடம்

ராயப்பன் அங்கிள் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயது, ரத்தக் கொதிப்பு, விடாத சிகரெட். இரண்டு நாளாக இடுப்பில் புதிதாக வலி என்றார். எலும்புத் தேய்மானம் என்று நினைத்து ஒத்தடத்துக்குத் தயார் செய்தேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஏர்கான் குளிரைக் கூட்டினேன், அவ்வளவுதான்.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஷாமினி வந்து, குனிந்தால் கூடுதா, படுத்தால் குறையுதா என்று கேட்டாள். எப்படி இருந்தாலும் ஒரே வலிதான் என்றார். என் நோயாளியிடம் இவளுக்கு என்ன வேலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அவர் வயிற்றில் மெதுவாகக் கை வைத்தாள். பிறகு ரத்த அழுத்தம் பார்த்தாள், இறங்கியிருந்தது. அவரை அசையாமல் படுக்கச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அவர் காதில் விழாமல் என்னிடம் சொன்னாள்: "அக்கா, இது எலும்பு வலி இல்ல. தொப்புளுக்கு மேல துடிக்குது. பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்குன்னு நினைக்கிறேன்."

கேக்

அவள் நினைத்தது சரி. குழாய் வீங்கி, கசியவும் தொடங்கியிருந்தது. அன்றைக்கே ஆபரேஷன். பிழைத்துவிட்டார் என்று கேட்டதும் கழிவறைக்குள் போய் அழுதேன். நிம்மதியில் பாதி, கண்டுபிடித்தது நானில்லையே என்று பாதி.

இரண்டு மாதம் கழித்து மனைவியோடு வந்து ஷாமினிக்குக் கேக் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு நீட்டி, கோபமே இல்லாமல் கேட்டார்: "அன்னைக்கு ஒத்தடம் வைக்கப் போனது நீங்கதானே, மிஸ்?"

கிள்ளான் கடைக்காரர்

அதன் பிறகு இடுப்பு வலி என்று யார் வந்தாலும் வயிற்றையும் தொட்டேன், பாதத்தில் நாடியும் பார்த்தேன். கிள்ளானில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நடந்தால் இடுப்பும் பின்புறமும் வலிக்கும், நின்றால் விட்டுவிடும். வலது பாதம் சில்லிட்டிருந்தது; நாடியே இல்லை. உடனே கடிதம் எழுதி ரத்தக்குழாய் டாக்டரிடம் அனுப்பினேன். அடைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள்.

திரும்பி வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "டாக்டரே உங்களைப் பாராட்டினாரு. இங்க எல்லாரும் சொல்ற ஷாமினி நீங்கதானே?"

இதையெல்லாம் அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன் என்ற ஒரே வரியைச் சொல்ல எனக்கு இத்தனை பத்திகள் தேவைப்பட்டிருக்கின்றன.