சொல்லாமல் விட்ட பெயர்

விக்னேஸ்வரி ரோசாவின் வலது காலை வெந்நீர்ச் சட்டியிலிருந்து தூக்கித் துவாயில் வைத்து, பெருவிரல் நகத்தை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டிருந்தாள். வயதானவர்களின் நகத்தில் அவசரம் காட்டினால் புண்தான் மிஞ்சும். வெரிபீயிலிருந்து ரயிலேறி, மெல்பேர்னின் மறுபக்கம் கோல்பீல்டிலிருக்கும் இந்த யூத வீட்டுக்கு அவள் பராமரிப்பு வேலைக்கு வரத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இருவரும் பேசுவது ஆங்கிலம். ஆனாலும் ரோசா சொல்வதெல்லாம் அவள் காதில் ஊர்த் தமிழாகவே விழும்.

"பேரன்ர மனுசிக்கு இந்த மாசம் பிள்ளை கிடைக்கும். பெட்டையாம்," என்றாள் ரோசா.

"என்ன பேராம்?"

"ஜெப ஆலயத்தில கூப்பிடுமட்டும் அதை வெளியில விடமாட்டினம்." பிறகு சொன்னாள்: "எனக்கொரு தங்கச்சி இருந்தவள். நெகாமா. ஆறுதல் எண்டு அர்த்தம். போலந்தில நாசியளுக்குப் பயந்து ஒளிச்சிருந்த நிலவறையில, நடக்கப் பழக முன்னமே செத்துப்போனாள். எங்கட ஆக்கள் செத்தவையின்ர பேரைத்தான் பிள்ளையளுக்கு வைக்கிறது. அவளின்ர பேரை இன்னும் ஒருத்தருக்கும் வைக்கேல்ல. அவளைத் தெரிஞ்ச கடைசி ஆள் நான்தான்."

"அப்ப பேரன் ஆரியிட்டச் சொல்லுங்கோவன்."

"நான் கேட்கிறேல்ல. பேர் பெத்தவையின்ர மனசில தானா வரவேணும்."

"தெரியாத பேர் எப்பிடி மனசில வரும்?"

"மற்றக் காலை எடு," என்றாள் ரோசா.

குழந்தை பிறந்த மறுநாள் பேரன் ஆரி வந்தான். ரோசா தூங்கிக்கொண்டிருந்தாள். குசினியில் சூப் கிண்டிக்கொண்டிருந்த விக்னேஸ்வரியிடம், "பாட்டி ஏதாவது பேர் சொன்னவவே, விக்கி? நேரில கேட்டால் வாய் திறக்கமாட்டா," என்றான்.

பெயர் நாக்கின் நுனிவரை வந்தது. கூடவே தன் தம்பியின் நினைவும் வந்தது. ஊரில் போர் நடந்தபோது ஷெல் விழுந்து இருபது வயதில் போனவன். பிறகு வீட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அவன் பெயரை வைக்க அம்மா விடவில்லை. குறை ஆயுளில் போனவனின் பெயர் பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்பாள். நிலவறையில் செத்த குழந்தையின் பெயரையா இந்தக் குழந்தைக்கு?

"அப்பிடி ஒண்டும் சொல்லேல்ல," என்றாள்.

சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் பெண்கள் பக்கம் ரோசாவுக்குத் துணையாக உட்கார்ந்தாள். தகப்பனை வேதச் சுருளின் முன் அழைத்து, ஆசி சொல்லிப் பெயரைக் கூப்பிட்டார்கள். ஷிரா. பாட்டு என்று பொருள். தாய் வழியில் இறந்துபோன ஒரு பாட்டியின் பெயர். ரோசா எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னாள். கேக் தட்டு மடிக்கு வந்ததும் குரலைத் தணித்தாள்.

"ஆரி உன்னட்டக் கேட்டவனே?"

"ஓம்."

"நீ?"

"பாவம், பச்சைப் பிள்ளை. அந்தப் பேர் வேண்டாமெண்டு நினைச்சன்."

"நெகாமாவும் பச்சைப் பிள்ளைதான். அவள் செய்த குற்றமென்ன?"

கேக்கை ரோசா தொடவேயில்லை.

அன்று மாலை வீட்டில் நடந்ததைக் கேட்ட கணவர் சிவபாலன், "வேலை செய்யிற வீட்டு விசயத்தில தலை போடக் கூடாதெண்டுதானே உமக்குப் படிப்பிச்சவை? நீர் பேசாமல் இருந்தது சரிதான்," என்றார்.

"பேசாமல் இருந்துதானே தலையைப் போட்டனான்," என்றாள்.

மறுநாள் காலை ரயில் நிலையத்தில் நின்றே ஆரிக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"முதலே தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரையும் சேர்த்து வைச்சிருப்பமே, விக்கி," என்றான். "இப்ப ஊருக்கே சொல்லியாச்சு. மனுசியிட்டக் கேட்டுப் பார்க்கிறன். ஓமெண்டுவாவோ தெரியாது."

ரோசாவின் வீட்டுக்குப் போனதும் அதை அப்படியே அவளிடம் சொன்னாள்.

"உன்னை ஆர் இப்ப சொல்லச் சொன்னது? இனிக் கிடைச்சாலும் அது கேட்டு வாங்கின பேர்தானே," என்று ரோசா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விக்னேஸ்வரி தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ரோசாவை எழுப்பி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, இரத்த அழுத்தக் குளிசையைக் கையில் கொடுத்தாள். ரோசா குளிசையை விழுங்கினாள். விக்னேஸ்வரியின் முகத்தைப் பார்க்கவில்லை.