சிட்னியின் பிற்பகலில் அமெரிக்காவின் இரவு

1. கேபிள் மேசை

எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னிப் பிற்பகல் நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவான கேபிள் மேசையில் சப்-எடிட்டராகச் சேர்ந்தேன். முதல் நாளே தலைமைச் சப்-எடிட்டர் கெவ் என் பெயரைச் சுருக்க முயன்றார். அங்கே அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

"விஸ்வநாதன் எண்டு கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பேப்பர் அச்சுக்குப் போயிடும், மேட். நேதன் எண்டு வைப்பம்."

"நீங்கள் முழுப் பெயரைப் பழகுமட்டும் நான் பொறுத்திருக்கிறன்" என்றேன்.

அவர் கடைசிவரை பழகவில்லை. கொழும்பில் ஆங்கில நாளேட்டில் பணியாற்றியவன், பட்டதாரி என்ற நினைவு எனக்கு எப்போதும் உண்டு. நேதன் என்று அழைத்தால் ஒரு கணம் தாமதித்தே திரும்புவேன்.

எங்கள் அறைக்கு அடுத்தது டெலிபிரிண்டர் அறை. உலகச் செய்தி முழுவதும் அங்கே நீண்ட தாள் சுருளில் தானாக அச்சாகி விழும். ஒரு செய்தி ஒரே மூச்சில் வராது. துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டையும் டேக் என்போம். அவற்றைக் கிழித்து, வரிசைப்படுத்தி, எங்கள் மேசைக்குக் கொண்டுவருபவர் டேல் என்னும் அமெரிக்க இளைஞர். வியட்நாம் போர்க்களத்திலிருந்து சில நாள் விடுமுறையில் சிட்னிக்கு அனுப்பப்பட்டு, திரும்பும் விமானத்தில் ஏறாமல் நின்றுவிட்டவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். எவரும் வாய் திறந்ததில்லை. ஊர் திரும்பினால் இராணுவச் சிறை. நெப்ராஸ்காவில் தாயார் தனியாக இருந்தார். என்னை 'சேர்' என்று அழைத்த ஒரே ஆள் அவர்தான்.

2. பெயர்களால் ஆன நாடு

அந்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தது. பதவியிலிருந்த அதிபரை எதிர்த்து நின்ற வேட்பாளர், போருக்குப் போக மறுத்தவர்களுக்கு மன்னிப்பு வழங்குவதாகச் சொல்லியிருந்தார். தேர்தல் மேடைப் பேச்சை அவரவர் தமக்கு வேண்டியபடி கேட்டுக்கொள்வர். டேலும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.

அங்கே வாக்கெண்ணும் இரவு எங்களுக்குப் பிற்பகல். வெளியே ஜக்கரண்டா மரங்கள் தெருவெங்கும் ஊதாப் பூவைக் கொட்டியிருந்தன. உள்ளே இயந்திரங்களின் ஓயாத தாளம். ஒஹாயோ, டெக்சாஸ், மிசிசிப்பி என்று மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்து வந்தன. நான் அமெரிக்காவைக் கண்டதில்லை. பெயர்களால் மட்டுமே ஆன ஒரு நாடு, நித்திரைக்கும் விழிப்புக்கும் இடையில், என் மேசையின் மேல் மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது.

"இப்ப எங்கட ஊரில சோளம் வெட்டி முடிஞ்ச வயல் எல்லாம் இருட்டுக்குள்ள கிடக்கும், சேர்" என்று ஒரு டேக்கை வைத்தபடி டேல் சொன்னார். "அம்மா ரேடியோவைப் போட்டிட்டுக் கதிரையிலயே நித்திரையாயிருப்பா."

கெவ்வுக்கு அந்தத் தேர்தல் முறை விளங்கவேயில்லை.

"வோட்டுப் போடாட்டி இங்க மாதிரி அங்க ஃபைன் இல்லையாம். பிறகு என்ன விசருக்குப் போய் வரிசையில நிக்கிறாங்கள்?"

"நான் நிண்டிருப்பன்" என்றார் டேல்.

"வோட்டுக் கூடுதலா விழுந்தாலும் தோக்கலாமாம், அது உண்மையோ நேதன்?"

"நடக்கக்கூடியது. அங்க மாநிலங்கள்தான் அதிபரைத் தெரிவு செய்யுது" என்றேன். "போன வருசம் இந்த நாட்டில பிரதமரை மகாராணியின்ர பிரதிநிதி ஒரு கையெழுத்தில வீட்டுக்கு அனுப்பினதைப் பாத்தபிறகு, எனக்கு ஒண்டும் புதினமாத் தெரியேல்லை."

அறையில் சிரிப்பு எழுந்தது. கெவ்வும் சிரித்தார்.

கடைசிப் பதிப்பு அச்சேறும்போதும் முடிவு தெரியவில்லை. எதிர்த்தவர் முன்னணியில் என்று மட்டும் போட்டோம். எல்லோரும் கலைந்தபின் டேல் இயந்திரத்தருகே நின்றார். நானும் ஏனோ கோட்டை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். பொழுது சாயும் வேளையில் இயந்திரத்தின் மணி விடாமல் ஒலித்தது. அவசரச் செய்திக்குரிய மணி. எதிர்த்தவர் வென்றுவிட்டார். டேல் தாளைக் கிழிக்கவில்லை. அதன் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

சிட்னிப் புறநகரான மெரிலேண்ட்ஸில், வீட்டில் என் மனைவி காத்திருந்தார்.

"என்னப்பா, நீங்கள் வோட்டுப் போடாத தேர்தலுக்கோ இவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

"போடக் கூடாத இன்னொருத்தரும் நிண்டவர்."

"அந்தப் பெடியனோ? இனித் தாயிட்டப் போவானோ?"

"புது ஆள் பதவியேற்கட்டும் பாப்பம்."

3. இரண்டு அங்குலம்

தை மாதத்தில் புதிய அதிபர் பதவியேற்றார். மறுநாளே மன்னிப்பு ஆணையில் கையெழுத்திட்டார். எங்களுக்கு அது சனிக்கிழமை. ஞாயிறு இதழுக்கான வேலை நாள். நான் வந்தபோது டேக்குகள் என் மேசையில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. டேல் வழக்கம்போல மற்றச் செய்திகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். அறையில் ஒருவர் அவர் முதுகில் தட்டி, "பெட்டியைக் கட்டு மேட்!" என்றார். டேல் தலை நிமிராமல் அடுத்த தாளைக் கிழித்தார்.

கடைசி டேக்கை வாசித்தபோது காரணம் தெரிந்தது. படையில் சேரச் சொன்ன அழைப்பாணையை மறுத்தவர்களுக்கே மன்னிப்பு. சீருடை அணிந்தபின் படையை விட்டு ஓடியவர்கள் இதில் சேரார்.

செய்தியைச் செப்பனிட்டேன். பிற்பகலில் கெவ் குரல் கொடுத்தார்.

"நேதன், ரண்ட்விக் குதிரைப் பந்தய ரிசல்ட் நீண்டுபோச்சு. அந்த மன்னிப்பில இரண்டு அங்குலம் கீழயிருந்து வெட்டு."

இது தொழிலின் விதி. முக்கியமானதை மேலே எழுதுவதும், இடம் போதாதபோது கீழிருந்து வெட்டுவதும். கீழே இருந்த இரண்டு அங்குலம் ஓடியவர்களைப் பற்றிய அந்தப் பத்திதான். பென்சிலை எடுத்தேன். டேல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சேர், எனக்காக இல்லை. நான் வாசிச்சிட்டன். கிங்ஸ் க்ரொஸ்ஸில என்னைப்போல இன்னும் ரெண்டு பேர் சமையலறையில கோப்பை கழுவுறாங்கள். எங்கட பேப்பரைப் பாத்திட்டு ஊருக்கு டிக்கெட் எடுத்திடுவாங்கள். இறங்கின இடத்திலயே ஆமிக்காரர் பிடிச்சிடுவாங்கள்."

நான் பத்தியை வெட்டவில்லை. அதைத் தூக்கி இரண்டாம் பத்தியாக வைத்தேன். கெவ் தாளைப் பார்த்து முகம் சிவந்தார்.

"எங்கட வாசகருக்கு இது எதுக்கு?"

"இது இல்லாட்டி மிச்சம் எல்லாம் பொய்யாப் போயிடும்."

"இந்த மேசையில வெட்டுறது ஆர், நீயோ நானோ?"

"நீங்கள்தான். வெட்டுறதெண்டால் உங்கட கையால வெட்டுங்கோ. அதுக்குப் பிறகு அந்தத் தாளில என்ர இனிஷியலை வைக்க மாட்டன். திங்கட்கிழமையிலயிருந்து இந்தக் கதிரையிலும் இருக்க மாட்டன்."

எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. கொழும்புக்குத் திரும்பும் எண்ணமும் இல்லை. நான் நாற்காலியை விட்டு எழவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. கெவ் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர், தோற்ற குதிரைகளின் பட்டியலில் இரண்டு அங்குலத்தைக் கீறி எறிந்தார்.

"ஓடித் தோத்ததுகளை ஆர் தேடப்போறாங்கள்" என்று முணுமுணுத்தபடி போனார்.

மாலையில் முதற்பிரதிகள் மேலே வந்தன. டேல் மூன்றை எடுத்து, அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, கமக்கட்டில் இடுக்கிக்கொண்டார்.

"போயிட்டு வாறன், சேர்" என்ற பொருள்பட ஏதோ சொல்லி, கிங்ஸ் க்ரொஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். திங்கட்கிழமை சரியான நேரத்துக்கு வேலைக்கு வந்தார்.

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு ஒன்று சொல்வேன். தூர தேசத்துத் தேர்தலை நாம் வென்றவரின் பெயரோடு முடித்துவிடுகிறோம். அதன் தீர்ப்பு நம் தெருவில் கோப்பை கழுவுபவரிடம் வந்து சேர மாதங்கள் செல்கின்றன; வரும்போது அது செய்தியின் அடியில் வருகிறது. கீழிருந்து வெட்டும் விதியை நான் ஓய்வுபெறும்வரை மதித்தேன். ஆனால் அங்கே யார் நிற்கிறார் என்று பாராமல் பென்சிலை வைத்ததில்லை.