ஐந்து பாயிண்ட் எழுத்து

பெட்டிக்கடைக்குப் போகும்போதெல்லாம் அவர் குளிர்பெட்டிக் கதவை முழங்கையால் தாங்கிக்கொண்டு, உள்ளே நிற்கும் எனர்ஜி டிரிங்க் டின்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கிறார். பளபளக்கும் பெயர் பின்னால் போய்விடும். பொடி எழுத்து முன்னால் வந்துவிடும்.

"சார், பெரிய மனுஷன் செய்யற வேலையா இது?" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"இதையும் நாலு பேர் பாக்கட்டுமே" என்பார் இவர். தெருமுனையைத் தாண்டுவதற்குள் கடைக்காரர் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடுவார்.

லேபிள் அச்சிடும் அச்சகத்தில் அவர் வடிவமைப்பாளர். இருபத்திரண்டு வருஷத்தில் தலைமுடி போனதுதான் மிச்சம் என்பார். பொடி எழுத்தை அடுக்குவதில் கில்லாடி. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'பூதக்கண்ணாடி'. "அரிசியில பேர் எழுதறவன் நம்மகிட்ட வந்து கத்துக்கணும்" என்று மார்தட்டிக்கொண்ட காலமும் உண்டு.

இந்த டின்னும் அவர் கைவண்ணம்தான். "விட்டமின் கண்ணைப் பறிக்கணும். மத்ததெல்லாம் சட்டத்துக்காக, எங்கயாச்சும் ஒட்டிடுங்க" என்றார் டிரிங்க் கம்பெனி முதலாளி. விட்டமினைக் கட்டைவிரல் பருமனில் போட்டார் இவர். மற்றதையெல்லாம் வெள்ளிப் பின்னணியில் சாம்பல் நிறத்தில், கடுகளவு ஐந்து பாயிண்ட் எழுத்தில், பின்பக்க அடிவிளிம்பில் திணித்தார். சபாஷ் கிடைத்தது.

அவர் மனைவிக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. மதியத்துக்கு மேல் கண் சொக்குகிறதென்று தினமும் இரண்டு டின் குடித்துவந்தது இவருக்குத் தெரியாது. போன வருஷம் ஒருநாள் மெஷின் முன்னாலேயே நெஞ்சு படபடத்துச் சரிந்துவிட்டார். மருத்துவமனையில் இவர் மனைவியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும், அந்த அம்மாள் பையிலிருந்து டின்னை எடுத்தார்.

"வெறும் விட்டமின்தான் டாக்டர். பெருசா போட்டிருக்கே."

"வேற என்னென்ன இருக்கு?"

"என்னங்க, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. நீங்க படிங்க."

டின்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே இவர் சொன்னார்: "காஃபீன், டாரின், குவரானா, சர்க்கரை... இதயநோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உகந்ததல்ல."

"குவரானாலயும் காஃபீன்தாம்மா. அதுவும் சேந்துல்ல உள்ள போகுது! ஏற்கெனவே உங்களுக்கு பிரஷர் வேற" என்றார் டாக்டர்.

அந்த அம்மாள் டாக்டரைப் பார்க்கவில்லை.

"பாக்காமலே எப்படிங்க..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கணவரின் கைக்குள் இருந்த தன் கையை மெல்ல உருவி, நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.