நாற்பத்தேழாவது ஆள்

காலை ஷிஃப்டுக்குள் நுழையும் முன், மைன்ஸ் கேட்டருகே கான்ட்ராக்ட் ஆட்கள் நாங்கள் வரிசையாக நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுப்போம். சூப்பர்வைசர் அதைப் போனில் படம் பிடித்து ஆபீஸ் குரூப்புக்கு அனுப்புவார். எல்லா வரிசையும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஓர் ஆள் தனியாக நின்றால் அன்றைக்குச் சூப்பர்வைசருக்குச் சோறு இறங்காது.

நாற்பத்தெட்டு பேர் இருந்தவரை எட்டெட்டாக ஆறு வரிசை. ஒருவன் திருப்பூருக்குப் போனான், வந்தது வினை. சூப்பர்வைசர் எங்களை ஐந்தைந்தாக, ஆறாறாக, ஒன்பதொன்பதாக நிறுத்திப் பார்த்தார். எப்படி நிறுத்தினாலும் மிச்சம் வந்தது. கடைசியில் இருபத்துமூன்று பேராக இரண்டு வரிசை, ஓரமாக நான். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன் நான்தான்.

“ஒரு ஆளு அதிகமா இருக்குதே” என்று அவர் என்னையே பார்த்தார். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம் அது. அதிகமான ஆளைத்தான் முதலில் கழிப்பார்கள்.

வீட்டில் கொண்டைக்கடலையை நாற்பத்தேழு எண்ணித் தரையில் அடுக்கினேன். ஆறாம் வகுப்போடு நின்றவன், வகுத்தல் கணக்கு எனக்கு அப்போதே ஆகாது. ஊறப்போடவேண்டிய கடலையை அணிவகுக்க வைத்திருப்பதாக மனைவி திட்டினாள். ஏழாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்து, “நாப்பத்தேழு பகா எண்ணுப்பா. ஒன்னாலயும் அதாலயும்தான் வகுபடும்” என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போனாள்.

ஆக, குற்றம் எண்ணுடையது. மறுநாள் காலையிலேயே சூப்பர்வைசரிடம் போனேன்.

“என் மேல தப்பு இல்லீங்க சார். அது பகா எண்ணுங்க. என்னை வேலய விட்டு நிறுத்துனா நாப்பத்தாறு. அதுக்கும் ரெண்டே வரிசதான். அம்மாம் நீளம் போன்ல அடங்காதுங்க.”

“அப்ப எத்தினி பேர நிறுத்துனா அடங்கும்?”

பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வராத விடை அன்றைக்குப் பார்த்து வந்தது. “ரெண்டு பேருங்க. நாப்பத்தஞ்சு. ஒம்பது ஒம்பதா அஞ்சு வரிச.”

எனக்கு முந்தின வாரம் சேர்ந்தவன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். “உன் ஒருத்தன் வேலதான் போவுதுன்னு நிம்மதியா இருந்தேன். இப்ப என்னையும் சேத்து இழுத்துக்கினு போறியே.”

பயத்தில் வாய் தானாகப் பேசியது. “நீங்களும் வந்து நின்னுட்டீங்கன்னா நாப்பத்தெட்டுங்க சார்.”

சூப்பர்வைசர் யோசித்தார். இத்தனை நாள் படத்தில் அவர் முகம் ஒருமுறைகூட வந்ததில்லை. சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, முதல் வரிசையில் நடுவில் போய் நின்றார். படம் பிடிக்க, போனை எதிரே இருந்த டீக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார்.

அந்த மாதம் நாற்பத்தேழு பேருக்கும் கான்ட்ராக்ட் நீண்டது. ஆபீசில் அந்தப் பட்டியலை முன்பே எழுதிவிட்டார்களாம்; வரிசையை யாரும் பார்க்கவே இல்லையாம்.

ஆனாலும் மனசு கேட்பதில்லை. இன்றும் உடம்பு சரியில்லாத நாளில், வேறு யார் யார் வரவில்லை என்று போன் போட்டு விசாரிப்பேன். இரண்டு பேர் வரவில்லை என்று தெரிந்தால் காய்ச்சலோடு எழுந்து போய்விடுவேன்; நானும் போகாவிட்டால் சூப்பர்வைசரோடு சேர்த்துச் சரியாக நாற்பத்தைந்து. நான் இல்லாத அன்றைக்கு வரிசை சரியாக அமைந்துவிடக் கூடாது.