பிதுக்கிய அவரை

இன்று ஓசூர் சந்தையில் பச்சை அவரைக்காயின் வாசனை மூக்கில் ஏறியதும், இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் தகரக்கூரை லைன்வீடுகளுக்கே நினைவில் போய்விட்டேன். மார்கழி மாலைகளில் பெண்கள் வாசலில் வட்டமாக அமர்ந்து ஊறிய அவரையைப் பிதுக்க, பருப்பு தட்டில் விழும் சத்தமும், தமிழும் கன்னடமும் கலந்த சிரிப்பும், கம்பெனிச் சங்கு ஊதும்வரை ஓயாது.

ஒரு மாட்டுப்பொங்கலுக்கு அம்மா களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் மட்டும் செய்திருந்தாள்.

"கம்பெனி ஆளுங்க வராங்க, கறி எங்கடி?" என்று அப்பா கத்தினார்.

"நமக்கு இது போதாதாங்க?"

அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். கொதிக்கும் சட்டியை எட்டி உதைத்தார். அம்மாவின் கால் வெந்து தோல் உரிந்தது.

பக்கத்து வீட்டு ரத்னம்மா உலக்கையோடு உள்ளே வந்தாள். "இன்னொரு தடவ கைய ஓங்கு, ஒடச்சிடறேன்!"

அப்பா ஓங்கினார். உலக்கை அவர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அலறிக்கொண்டு வெளியேறியவர் திரும்பவேயில்லை.

காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு அம்மா மிச்சப் பருப்பை வேகவைத்தாள். ரத்னம்மாவோடு மூவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

"உப்பு போதுமா பாப்பா?" என்றாள் அம்மா.

பயமில்லாமல் நான் சாப்பிட்ட முதல் பண்டிகைச் சாப்பாடு அது.